இரண்டு ஷாட், இரண்டு கோல்

2025 மே 29 இரவு. வடஅமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்.லின் மேற்குப் பிரிவு இறுதித் தொடரில் ஐந்தாவது ஆட்டம். டல்லாஸ் ஸ்டார்ஸ் தன் சொந்த ஊர் அரங்கில் எட்மண்டன் ஆயிலர்ஸை எதிர்கொள்கிறது. எட்மண்டன் ஏற்கெனவே மூன்று ஆட்டங்களை வென்றிருந்தது. இன்னொன்றை வென்றால் டல்லாஸின் ஆண்டு முடிந்தது. ஆட்டம் தொடங்கி 7 நிமிடம் 9 விநாடிக்குள் எட்மண்டன் வலையை நோக்கி அடித்தது இரண்டே ஷாட். இரண்டும் உள்ளே போயின. முதலாவது, டல்லாஸ் ஆள் ஒருவர் தண்டனையில் வெளியே உட்கார்ந்திருந்தபோது கோரி பெர்ரி அடித்தது. அடுத்தது, குறுக்கே ஒருவரும் இல்லாமல் தனியாகப் பாய்ந்து வந்த மத்தியாஸ் ஜான்மார்க் அடித்தது. டல்லாஸ் கோச் பீட் டிபோர் உடனே தன் கோல்கீப்பர் ஜேக் ஓட்டிஞ்சரை வெளியே கூப்பிட்டுவிட்டு, மாற்று ஆளான கேசி டிஸ்மித்தை இறக்கினார். அடுத்த ஒரு நிமிடத்திலேயே மூன்றாவது கோலும் விழுந்தது. டல்லாஸ் 6-3 என்று தோற்று வெளியேறியது. எட்டு நாள் கழித்து டிபோருக்கும் வேலை போயிற்று. அந்த அணியைத் தொடர்ந்து மூன்று ஆண்டு மேற்குப் பிரிவு இறுதி வரை கொண்டுபோன மனிதர் அவர்.

ஒரு நல்ல அணி பிளே-ஆஃபில் தோற்றதும் ரசிகர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்துவிடுவது அந்த ஊர் வழக்கம். கோச் சொதப்பிவிட்டார் என்பது ஒரு கட்சி. கோல்கீப்பர் கைவிட்டுவிட்டார் என்பது இரண்டாவது. போட்டி அமைப்பே ஓரவஞ்சனை, இந்த அணியோடு இவ்வளவு சீக்கிரம் மோதவிட்டதே தப்பு என்பது மூன்றாவது. டிபோர் விஷயத்தில் முதல் இரண்டு கட்சிகளும் ஒரே சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு எதிரெதிர்த் தீர்ப்பு சொல்லின. எனக்குத் தோன்றுவது இது: இந்த மூன்றில் ரசிகர்கள் அதிகம் கத்துவது முதல் இரண்டுக்காக, ஆனால் அவற்றுக்கான சான்று மிக மெல்லியது. மூன்றாவது புகார் தோற்றவனின் சாக்கு போலக் கேட்கிறது. ஆனால் ஓரளவு நிரூபிக்கக்கூடியதும், யாராவது உட்கார்ந்து திருத்தக்கூடியதும் அது ஒன்றுதான்.

நம் ஊரில் ஹாக்கி என்றால் புல்தரையோ செயற்கைத் தரையோதான் நினைவுக்கு வரும் என்பதால் கொஞ்சம் விளக்கம் தேவை. இது 200 அடி நீளம், 85 அடி அகலப் பனித்தளத்தில் கத்தி பொருத்திய காலணியோடு ஆடுவது. பந்துக்குப் பதிலாக மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிமனும் கொண்ட கெட்டி ரப்பர் வட்டு. அதற்குப் பெயர் பக். வலை ஆறு அடி அகலம், நான்கு அடி உயரம். அதன் முன்னால் மெத்தை போன்ற கால்கவசங்களோடு ஒருவர் மண்டியிட்டும் எழுந்தும் பக்கவாட்டில் வழுக்கியும் ஆட்டம் முழுக்கத் தடுத்துக்கொண்டிருப்பார். லீக்கில் 32 அணிகள். வழக்கமான சீசனில் ஒவ்வொரு அணியும் 82 ஆட்டம் ஆடும். அதில் 16 அணிகள் பிளே-ஆஃபுக்குள் வரும். அங்கே ஏழு ஆட்டத் தொடர்களாக நான்கு சுற்று. ஒரு தொடரில் முதலில் நான்கு வெற்றி பெறுபவர் மேலே போவார். மொத்தம் 16 வெற்றிகள் கிடைத்தால் கையில் ஸ்டான்லி கோப்பை.

இப்போது கோல்கீப்பர் கணக்கைப் பார்ப்போம். இன்றைய என்.ஹெச்.எல்.லில் ஒரு கோலி (ரசிகர்கள் அப்படித்தான் சுருக்கிச் சொல்கிறார்கள்) சராசரியாக நூறு ஷாட்டில் சுமார் 90ஐத் தடுக்கிறார். மிக நல்லவர் என்றால் 91, 92. சுமாரானவர் என்றால் 89. ஒருவரைக் கோடீஸ்வரர் ஆக்குவதும் இன்னொருவரைக் கீழ் லீக்குக்கு அனுப்புவதும் இந்த இரண்டு மூன்று புள்ளி இடைவெளிதான். ஏழு ஆட்டம் முழுதாக நடக்கும் ஒரு தொடரில் ஒரு கோலிக்கு ஏறக்குறைய 200 ஷாட் வரும். சராசரி கோலி என்றால் 20 கோல் விட வேண்டும். ஆனால் திறமை ஒரு துளியும் மாறாமல், வெறும் தற்செயலால் மட்டுமே இந்த எண் பக்கத்துக்கு நான்கு கோல் அசையும் என்பது சாதாரண நிகழ்தகவுக் கணக்கு. 16க்கும் 24க்கும் இடையே எங்கே நின்றாலும் அது வழக்கமான ஊசலாட்டம். ஏறக்குறைய மூன்றில் ஒரு தொடரில் இந்த வரம்பையும் தாண்டிவிடும். நல்ல கோலிக்கும் சராசரி கோலிக்கும் 200 ஷாட்டில் உள்ள உண்மையான வித்தியாசமோ இரண்டு மூன்று கோல்தான். ஆக, ஒரு தொடரைப் பார்த்துவிட்டு இவன் தேறுவான், இவன் தேறமாட்டான் என்று சொல்கிறவர், திறமையை விடப் பெரிய அதிர்ஷ்டத்தின் ஊடே திறமையைத் தேடுகிறார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்த ஆட்டத்தில் செல்லாது.

ஓட்டிஞ்சரின் அந்த இரண்டு ஷாட்டையே எடுத்துக்கொள்ளலாம். பத்து ஷாட்டுக்கு ஒரு கோல் என்றால், ஆட்டத்தின் முதல் இரண்டு ஷாட்டும் கோலாவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்று. அபூர்வம் போலத் தெரிகிறது. ஆனால் ஒரு வழக்கமான சீசனில் 1,312 ஆட்டங்கள், ஆட்டத்துக்கு இரண்டு கோலிகள். அதாவது 2,624 முறை யாரோ ஒரு கோலி ஆட்டத்தைத் தொடங்குகிறார். அதில் சுமார் 26 முறை, எந்தக் குற்றமும் இல்லாமலே, முதல் இரண்டும் உள்ளே போகும். நவம்பர் மாதத்து செவ்வாய்க்கிழமை இரவில் இது நடந்தால் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மே மாத இறுதியில், வெளியேற்றத்தின் விளிம்பில் நடந்தால் ஓர் ஆளின் குணச்சித்திரமே அதை வைத்து எழுதப்படுகிறது. ஆட்டம் முடிந்தபின் டிபோர், பிளே-ஆஃபில் எட்மண்டனுக்கு எதிராக அதற்கு முந்தைய ஏழில் ஆறு ஆட்டம் ஓட்டிஞ்சர் தோற்றிருப்பதைச் சுட்டிக்காட்டினார். உண்மைதான். ஆனால் எட்மண்டனில் ஆடுபவர்கள் கானர் மெக்டேவிட்டும் லியான் டிரைசைட்டிலும். அவர்களுக்கு முன்னால் நின்ற கோலிகளில் எத்தனை பேர் பெருமையோடு திரும்பியிருக்கிறார்கள்?

இதே ஓட்டிஞ்சர் 2022இல் கால்கரி ஃபிளேம்ஸுக்கு எதிரான முதல் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் 67 ஷாட்டில் 64ஐத் தடுத்தார். ஓவர்டைமில் ஜானி காட்ரோ அடித்த ஒரு கோலில்தான் டல்லாஸ் வெளியேறியது. அந்த இரவு அவருக்கு வயது 23. தோற்ற அணியின் கோலியான அவர் எதிர்கால நாயகனாகக் கொண்டாடப்பட்டார். 2025இலும், எட்மண்டன் தொடருக்குச் சற்று முன்பு வின்னிபெக் ஜெட்ஸ் அணியை ஆறு ஆட்டங்களில் வெளியேற்றியபோது எதிர்முனையில் நின்றவர் கானர் ஹெல்லபக். அந்த ஆண்டு லீக்கின் சிறந்த கோலிக்கான வெசினா கோப்பையையும், மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையையும் சேர்த்தே வாங்கியவர் அவர். அப்பேர்ப்பட்ட ஹெல்லபக் முதல் சுற்றில் செயின்ட் லூயிஸ் ஊரில் ஆடிய மூன்று ஆட்டத்திலும் நடுவிலேயே வெளியே அழைக்கப்பட்டார். கோச் ஸ்காட் ஆர்னீல் அவரை விடாமல் ஏழாவது ஆட்டத்திலும் நிறுத்தினார். ஆட்டம் முடியக் கடைசி மூன்று விநாடிக்குள் வின்னிபெக் சமன் செய்து, இரண்டாவது ஓவர்டைமில் வென்றது. அந்தச் சமன் கோல் விழாமல் போயிருந்தால் ஆர்னீலின் பொறுமை பிடிவாதம் என்று பெயர் மாறியிருக்கும்.

இன்னும் தெளிவான பாடம் செர்கே பொப்ராவ்ஸ்கியின் பத்தாண்டு வாழ்க்கை. 2017இல் கொலம்பஸ் அணிக்காக ஆடி வெசினா கோப்பை வாங்கினார். அவருடைய கோச் ஜான் டார்ட்டரெல்லா அதே ஆண்டின் சிறந்த கோச் விருதை வாங்கினார். இருவருமாகச் சேர்ந்து பிளே-ஆஃபின் முதல் சுற்றில் ஐந்தே ஆட்டத்தில் வெளியேறினார்கள். பொப்ராவ்ஸ்கி குளிர்கால நாயகன், கோடையில் உருகிவிடுவார் என்று பேச்சு பரவியது. இரண்டே ஆண்டு கழித்து, அதே கோச், அதே கோலி, 62 வெற்றியும் 128 பாயிண்டும் எடுத்திருந்த டாம்பா பே அணியை முதல் சுற்றில் நான்கு ஆட்டத்தில் நான்கும் வென்று துடைத்தெறிந்தார்கள். பிறகு அவர் ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் கணக்கில் ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் ஃபுளோரிடாவுக்குப் போனார். வீண் செலவு என்ற வசை சில ஆண்டு ஓயவில்லை. 2023இல் அவர் மாற்றுக் கோலியாக உட்கார்ந்திருந்து, தொடரின் நடுவில் உள்ளே வந்து, வரலாற்றிலேயே அதிகமாக 65 வெற்றியும் 135 பாயிண்டும் எடுத்த பாஸ்டன் புரூயின்ஸைக் கவிழ்த்த அணியின் கோலியானார். 2024 இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தில் 16 ஷாட்டில் ஐந்து கோல் விட்டு வெளியே அழைக்கப்பட்டார். அதே தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஒரே கோல் விட்டு ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். 2025இல் மறுபடியும். இவற்றில் எந்த இரவின் பொப்ராவ்ஸ்கி அசல் பொப்ராவ்ஸ்கி? எல்லா இரவும்தான். நடுவில் அவர் குணம் மாறியதாகச் சொல்ல ஒரு சான்றும் கிடையாது; ஷாட்டுகள் விழுந்த விதம் மாறியது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. எல்லா ஷாட்டும் ஒன்றா? அறுபது அடி தூரத்திலிருந்து யாரும் மறைக்காமல் வரும் பக் வேறு. வலைக்கு ஆறடி முன்னால் மூன்று பேர் கால்களுக்கு நடுவே யாரோ மட்டையால் திசை திருப்பிவிடும் பக் வேறு. மட்டையை விட்டுக் கிளம்பியதைக் கோலி பார்க்கவே முடியாத ஷாட்டை எப்படி அவர் கணக்கில் எழுதுவது? சரியான கேள்வி. அதற்காகத்தான் இப்போது தூரம், கோணம், ஷாட் வந்த விதம் எல்லாவற்றையும் வைத்து ஒவ்வொரு ஷாட்டுக்கும் கோலாகும் வாய்ப்பைக் கணக்கிட்டு, கோலி விட்டிருக்க வேண்டிய கோலையும் விட்ட கோலையும் ஒப்பிடுகிறார்கள். இப்படி எடைபோட்டால் கோலியின் மீது ஏறிய பழியில் ஒரு பகுதி தடுப்பு ஆட்டக்காரர்கள் மீது இறங்கும். ஆனால் தற்செயலின் ஊசலாட்டம் கொஞ்சம்தான் குறையும், காணாமல் போகாது. ஏழு ஆட்டம் என்பது அப்போதும் ஏழு ஆட்டமே. ஐந்தாறு ஆண்டுகளில் பத்தாயிரம் ஷாட் பார்த்தபின் ஹெல்லபக் சராசரியை விட மேல் என்று துணிந்து சொல்லலாம். இரண்டு வாரத்தை வைத்துச் சொல்ல முடியாது.

சரி, கோச்? கோலியின் இந்த ஊசலாட்டம்தான் கோச்சின் தலையில் போய் விடிகிறது. அணி தொடர்ந்து தோற்கிறது என்றால் பெரும்பாலும் அந்த வாரங்களில் கோலி நூற்றுக்கு 88 தடுத்துக்கொண்டிருப்பார். நிர்வாகத்தால் இருபது ஆட்டக்காரர்களை மாற்ற முடியாது. சம்பள உச்சவரம்பு கையைக் கட்டியிருக்கிறது. மாற்றக்கூடிய ஒரே ஆள் கோச். மாற்றுகிறார்கள். கோலி தன் வழக்கமான 90க்குத் திரும்புகிறார். வெற்றி வருகிறது. புதிய கோச் உயிரூட்டிவிட்டார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பழைய கோச் இருந்திருந்தாலும் பெரும்பகுதி அது நடந்திருக்கும் என்பதை நிரூபிக்க வழியில்லை என்பதால் இந்த நம்பிக்கைக்கு அழிவே இல்லை.

அதைக் கிட்டத்தட்ட நிரூபித்துக்காட்டிய ஒரு சீசன் உண்டு. 2018 நவம்பரில் செயின்ட் லூயிஸ் புளூஸ் அணி கோச் மைக் இயோவை நீக்கி, கிரெய்க் பெருபியைத் தற்காலிகமாக உட்காரவைத்தது. 2019இல் அந்த அணி, ஐம்பது ஆண்டுக்கு மேல் காத்திருந்த தன் முதல் ஸ்டான்லி கோப்பையை வென்றது. கோச் மாற்றத்தின் மகிமைக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை என்று இன்றும் சொல்வார்கள். ஆனால் நாட்காட்டியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பெருபி வந்து ஆறு வாரம் கழித்து, ஜனவரி 3 அன்று காலையில், அந்த அணி மொத்த லீக்கிலும் கடைசி இடத்தில் இருந்தது. ஜனவரி 7 அன்று, அணியின் வரிசையில் எங்கோ பின்னால் கிடந்த ஜோர்டான் பின்னிங்டன் என்ற கோலி முதல்முறையாக ஆட்டத்தைத் தொடங்கி, எதிரணிக்கு ஒரு கோலும் தராமல் முடித்தார். அதையும் சேர்த்து அந்த சீசனில் அவர் தொடங்கிய முப்பது ஆட்டங்களில் 24 வெற்றி. பாஸ்டனுக்கு எதிரான இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், முதல் இருபது நிமிடம் பாஸ்டன் 12 ஷாட் அடித்தது, செயின்ட் லூயிஸ் நான்குதான். ஆனால் இடைவேளைக்குப் போகும்போது செயின்ட் லூயிஸ் 2-0 என்று முன்னால் இருந்தது. எந்தக் கரும்பலகைத் திட்டமும் நான்குக்குப் பன்னிரண்டு என்று ஆடச் சொல்லாது. அந்த இருபது நிமிடத்தைத் தாங்கியது பின்னிங்டனின் கால்கவசம்.

இதனால் பெருபிக்குப் பங்கே இல்லை என்று சொல்வது அநியாயம். பெயர் தெரியாத ஓர் ஆளை இறக்கி, அவரிடமே வண்டியைக் கொடுத்த துணிச்சல் கோச்சுடையது. தடுப்பு எப்படி நிற்க வேண்டும், யாருக்கு எத்தனை நிமிடம், எதிரணியின் சிறந்த வரிசைக்கு எதிரே யாரை இறக்குவது, தண்டனை நேரத்தில் எப்படிச் சமாளிப்பது என்று கோச்சின் கையில் நிறைய இருக்கிறது. ஆனால் அவையெல்லாம் 82 ஆட்டத்தில் மெல்ல மெல்லச் சேர்ந்து தெரியும் விஷயங்கள். ரசிகர்கள் சண்டை போடுவதோ கோலியை மாற்றினாரா இல்லையா என்ற ஒற்றை முடிவைப் பற்றி. அதில் விளைவைப் பார்த்துத்தான் தீர்ப்பு எழுதப்படுகிறது. டிபோரை வென்ற எட்மண்டன் கோச் கிரிஸ் நோப்லாக் அதே பிளே-ஆஃபில் என்ன செய்தார்? முதல் சுற்றில் இரண்டு தோல்விக்குப் பின் ஸ்டூவர்ட் ஸ்கின்னரை உட்காரவைத்து கால்வின் பிக்கார்டை இறக்கினார். பிக்கார்ட் ஆறு ஆட்டமும் வென்றார், பிறகு காயம். வேறு வழியின்றித் திரும்பி வந்த ஸ்கின்னர் சில ஆட்டங்களில் எதிரணியைக் கோலே அடிக்கவிடாமல் முடித்தார். இறுதித் தொடரில் ஃபுளோரிடாவுக்கு எதிராக மறுபடியும் ஸ்கின்னர் இரண்டு ஆட்டத்தில் நடுவிலேயே வெளியே வந்தார், மறுபடியும் பிக்கார்ட், மறுபடியும் ஸ்கின்னர், கடைசியில் தோல்வி. ஏப்ரலில் சாமர்த்தியம் என்று பேர்வாங்கிய அதே கை ஜூனில் தடுமாற்றம் என்று பேர்வாங்கியது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2023இல் பாஸ்டன் கோச் ஜிம் மான்ட்கோமரி, சீசன் முழுக்க லைனஸ் உல்மார்க்கையும் ஜெரமி ஸ்வேமனையும் மாற்றி மாற்றி ஆடவைத்தவர், பிளே-ஆஃபில் முதல் ஆறு ஆட்டத்துக்கும் உல்மார்க்கையே நிறுத்தினார். உல்மார்க் அந்த ஆண்டின் வெசினா வெற்றியாளர். 3-1 என்ற முன்னிலை 3-3 ஆனபின் ஏழாவது ஆட்டத்துக்கு ஸ்வேமனை இறக்கினார். கடைசி நிமிடத்தில் பிராண்டன் மாண்டூர் சமன் செய்ய, ஓவர்டைமில் கார்ட்டர் வெர்ஹேகி முடித்துவிட்டார். மாற்றாததும் குற்றமாயிற்று, மாற்றியதும் குற்றமாயிற்று. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தோல்விக்குப் பின் ஜூனில் சிறந்த கோச் விருது மான்ட்கோமரிக்கே போனது. வாக்கு வழக்கமான சீசனுக்கு உரியது. 2024 நவம்பரில் பாஸ்டன் அவரை நீக்கியது, ஐந்தே நாளில் செயின்ட் லூயிஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. வின்னிபெக் கடைசி விநாடிகளில் சமன் செய்த அந்த ஏழாவது ஆட்டத்தில் எதிர்ப் பெஞ்சில் நின்றவர் இவரேதான்.

நிதானமாக இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். 2019இல் கொலம்பஸிடம் நான்குக்கு நான்கு தோற்ற டாம்பா பே, கோச் ஜான் கூப்பரையும் விடவில்லை, கோலி ஆந்த்ரே வாசிலெவ்ஸ்கியையும் விடவில்லை. 2020, 2021 இரண்டு ஆண்டும் கோப்பை அவர்களுக்கு. இது ஒரு உதாரணம்தான். பொறுமையாக இருந்து வீணாய்ப்போன அணிகளையும் தேடினால் எடுக்கலாம். ஆனால் 128 பாயிண்ட் எடுத்த அணி நான்கு இரவில் கெட்ட அணியாக மாறிவிடாது என்ற எளிய கணக்கை நம்பிய ஒரு நிர்வாகம் இருந்தது என்பதாவது இதிலிருந்து தெரிகிறது. டொரன்டோ அந்த ரகம் இல்லை. ஈழத்தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் அந்த நகரத்தின் மேப்பிள் லீஃப்ஸ் அணி கடைசியாகக் கோப்பை வென்றது 1967இல். 2018, 2019, 2024 மூன்று ஆண்டும் முதல் சுற்றில், ஏழாவது ஆட்டத்தில், பாஸ்டனிடமே தோற்றது. கோச்சுகள் மாறினார்கள். 2024இல் செயின்ட் லூயிஸ் புகழ் பெருபியையே கொண்டுவந்தார்கள். 2025இல் ஃபுளோரிடாவுக்கு எதிராக முதல் இரண்டு ஆட்டத்தையும் வென்றுவிட்டு, ஏழாவது ஆட்டத்தில் 6-1 என்று தோற்றார்கள். முதல் ஆட்டத்திலேயே அவர்களுடைய முதல்நிலைக் கோலி அந்தோணி ஸ்டோலார்ஸ் தலையில் அடிபட்டு வெளியேறியிருந்தார்.

டொரன்டோவும் பாஸ்டனும் ஏன் திரும்பத் திரும்ப முதல் சுற்றிலேயே முட்டிக்கொள்கின்றன? இங்கேதான் மூன்றாவது கட்சியின் புகார் வருகிறது. கிழக்கு, மேற்கு என்ற இரண்டு பிரிவும் தலா இரண்டு டிவிஷனாகப் பிரிந்திருக்கின்றன. 2013-14 முதல் உள்ள விதிப்படி ஒவ்வொரு டிவிஷனிலும் முதல் மூன்று அணிகள் உள்ளே வரும். மிச்சத்தில் அதிக பாயிண்ட் எடுத்த இரண்டு அணிகள் வைல்டு கார்டாக வரும். முதல் சுற்றில் டிவிஷனின் இரண்டாம் அணியும் மூன்றாம் அணியும் மோதியே ஆக வேண்டும். அதற்கு முந்தைய முறையில் பிரிவு முழுவதையும் ஒன்று முதல் எட்டு வரை வரிசைப்படுத்தி, முதலாமவருக்கு எட்டாமவர், இரண்டாமவருக்கு ஏழாமவர் என்று கோர்த்தார்கள். புதிய முறையில் ஒரு டிவிஷன் பலமாக இருந்துவிட்டால் நல்ல அணிகள் ஆரம்பத்திலேயே ஒன்றையொன்று தின்றுவிடும். இதில் தற்செயலுக்கு வேலையில்லை. ஒரு கூட்டத்தில் கைதூக்கி எடுத்த முடிவு.

2017 அதன் உச்சம். ஒரே டிவிஷனில் வாஷிங்டன் 118 பாயிண்ட், பிட்ஸ்பர்க் 111, கொலம்பஸ் 108. மொத்த லீக்கிலும் ஒன்றாம், இரண்டாம், நான்காம் இடம். விதிப்படி லீக்கின் இரண்டாவது அணியும் நான்காவது அணியும் முதல் சுற்றிலேயே மோதின. மேலே சொன்ன பொப்ராவ்ஸ்கியின் ஐந்து ஆட்டத் தோல்வி இதுதான். வென்ற பிட்ஸ்பர்க் அடுத்த சுற்றில் லீக்கின் முதல் அணியான வாஷிங்டனைச் சந்தித்தது. அதே கிழக்கில், பக்கத்து டிவிஷனில், 98 பாயிண்ட் எடுத்த ஒட்டாவா 95 பாயிண்ட் அணியான பாஸ்டனைத் தாண்டிப் பிரிவு இறுதி வரை போனது. இதைவிட விசித்திரம் நியூயார்க் ரேஞ்சர்ஸ். பலமான டிவிஷனில் 102 பாயிண்டோடு நான்காவதாக வந்து, வைல்டு கார்டாகப் பலவீனமான பக்கத்துக்கு மாற்றப்பட்டது. மூன்றாவதாக வந்த கொலம்பஸுக்கு பிட்ஸ்பர்க்; நான்காவதாக வந்த ரேஞ்சர்ஸுக்கு 103 பாயிண்ட் எடுத்த மான்ட்ரியால். 82 ஆட்டம் உழைத்து ஆறு பாயிண்ட் கூடுதலாக எடுத்ததற்குக் கொலம்பஸ் கண்ட கூலி, இன்னும் கடினமான எதிரி. அடுத்த ஆண்டும் மேற்கில் இதே கூத்து: 117 பாயிண்ட் நாஷ்வில்லும் 114 பாயிண்ட் வின்னிபெக்கும், லீக்கின் முதல் இரண்டு அணிகள், இரண்டாவது சுற்றிலேயே மோதி ஒன்று வீட்டுக்குப் போனது.

இதற்கு வழக்கமான பதில்கள் மூன்று. பகை வளர்ந்தால் பார்க்க ஆள் வரும் என்பது ஒன்று. எட்மண்டனும் லாஸ் ஏஞ்சல்ஸும் 2022 முதல் 2025 வரை நான்கு ஆண்டும் முதல் சுற்றில் மோதின. நான்கு முறையும் எட்மண்டனே வென்றது. நான்காவது முறை அது பகையாக இல்லை, வருடாந்திர திவசமாக இருந்தது. பயணத் தூரம் குறையும் என்பது இரண்டாவது. கிழக்கில் பெரும்பாலான ஊர்கள் ஓரளவு பக்கம்தான், மேற்கில் ஒரே டிவிஷனுக்குள்ளேயே எட்மண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போக வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொருளுள்ள பதில் மூன்றாவது: கோப்பை வேண்டுமென்றால் எல்லோரையும் அடித்துத்தானே ஆக வேண்டும், 2017இல் பிட்ஸ்பர்க் அடித்துக் கோப்பையும் வாங்கவில்லையா? வாங்கியது. ஆனால் எந்தச் சாம்பியனும் எல்லோரையும் அடிப்பதில்லை. நான்கு அணிகளை அடிக்கிறார். எந்த நான்கு என்பதில்தான் வழக்கு. வென்றவர் தாங்கிக்கொண்டார் என்பது தோற்றவருக்கு நடந்ததை நியாயமாக்காது.

அமைப்பை மாற்றினால் எல்லா வருத்தமும் தீரும் என்று அந்தக் கட்சிக்காரர்கள் சொல்வதையும் அப்படியே ஏற்க முடியவில்லை. 128 பாயிண்ட் டாம்பாவும் 135 பாயிண்ட் பாஸ்டனும் வைல்டு கார்டு அணிகளிடம்தான் தோற்றன. எந்த முறையில் கோர்த்தாலும் அது நடக்கக்கூடியதே. 2025 மேற்குப் பிரிவையே ஒன்று முதல் எட்டு என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். டல்லாஸ் 106 பாயிண்டோடு மூன்றாவது. ஆறாவது யார்? 101 பாயிண்டோடு எட்மண்டன். பழைய முறை இருந்திருந்தால் டல்லாஸ், 102 பாயிண்ட் கொலராடோவோடு ஏழு ஆட்டம் போராடியிருக்க வேண்டாம். முதல் சுற்றிலேயே எட்மண்டனிடம் மாட்டியிருக்கும். நியாயமான வரிசை யாருக்கும் வெற்றியை வாங்கித்தராது. அதிக பாயிண்ட் எடுத்தவருக்கு எளிய எதிரி என்ற ஒரு வாக்குறுதியை மட்டும் காப்பாற்றும். வழக்கமான சீசன் என்ற ஆறு மாதச் சடங்குக்கு அந்த வாக்குறுதியைத் தவிர வேறு என்ன அர்த்தம் இருக்கிறது?

லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் 2025இல் செய்துகொண்ட புதிய ஒப்பந்தப்படி 2026-27 சீசனிலிருந்து ஒவ்வொரு அணியும் 82க்குப் பதில் 84 ஆட்டம் ஆடும். டிவிஷனில் யார் இரண்டாவது, யார் மூன்றாவது என்று தீர்மானிக்க இன்னும் இரண்டு ஆட்டம் கூடுதல்.